காலாண்டின் சிறந்த தசைக்காரர்

அக்ரோமாசோ என்ற ஊரில் நோயாளிக்கு வைத்தியம் பார்க்க ஓர் இடம் உண்டு, நோயாளியை அளக்க ஓர் இடம் உண்டு. முதலாவது இடத்தில் மழை பெய்தால் கட்டில் மேல் வாளி வைப்பார்கள். நோயாளி தள்ளிப் படுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது இடத்தில் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள், இயந்திரத்துக்கு வியர்க்கக் கூடாது என்பதற்காக. நாள்பட்ட நோயாளர் உடற்கூட்டு அளவை நிலையம் என்று அதற்குப் பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட அகலமாகிவிட்டதால் அதன் கடைசி மூன்று எழுத்தைப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

நாள்பட்ட நோய்க்காரன் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பார்ப்பது நல்ல காரியம்தான். உள்ளுக்குள் கரைந்துகொண்டே போகிறவனை நேரத்தோடு கண்டுபிடித்துக் கைதூக்கிவிடலாம். நிலையம் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டது. கைதூக்குவது வேறு அமைச்சகத்தின் வேலை.

இயந்திரம் என்னவோ சாதுவானது. வெறுங்காலோடு இரண்டு உலோகத் தட்டில் ஏறி, இரண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். உடம்புக்குள் தெரியாத அளவில் மின்சாரம் ஓடித் திரும்பும், காகிதம் வரும். திறப்பு விழாவன்று முன்னோர்களைக் கூப்பிட்டுத் தரையில் ஊற்ற வேண்டிய ஷ்னாப்ஸ் சாராயத்தை, மரியாதை மிகுதியில் இயந்திரத்தின் தலையிலேயே ஊற்றிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அது ஆண்களை எல்லாம் பெண்கள் என்று அச்சடித்தது. நிலையத்தின் தலைவரான பேராசிரியர் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தில் மூன்று கட்டம் இருக்கும்: கொழுப்பு, தசை, தண்ணீர். மூன்றாவது கட்டம் எப்போதும் வெறுமையாக வரும். அதைத் திறக்கத் தனியாகச் சாவி வாங்க வேண்டுமாம். திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் வாங்குவார்களாம். அதுவரைக்கும் உடம்பில் கொழுப்பு அல்லாத எல்லாமே தசைதான் என்று நிலையம் தீர்மானம் போட்டிருந்தது. எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை.

இந்த இயந்திரத்தின் மேல்தான் அட்டாக்கொரா ஏறினார்.

அட்டாக்கொரா முப்பது வருஷமாக லாரி நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவினவர். அவர் 'குமாசி, குமாசி' என்று கூவினால் டெச்சிமானுக்குப் போக வந்தவன்கூட ஒரு நிமிஷம் நின்று யோசிப்பான். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த இதயம் களைத்துவிட்டது. காலில் நீர் கோத்தது. முதலில் கூவுவதை விட்டார், அப்புறம் படி ஏறுவதை விட்டார், அப்புறம் படுப்பதையும் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கப் பழகிக்கொண்டார். குமாசி டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். அதை விழுங்கினால் காலை முழுக்கக் கழிப்பறை வாசலில்தான் குடித்தனம். ஆனால் சாயங்காலம் செருப்பு காலில் நுழையும், மூச்சு நேராக வரும். அந்த டாக்டரிடம் போக நிலையத்தின் வண்டியில் இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் நிலையத்தின் அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் அளந்துகொள்ள வேண்டும்.

அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர் அம்போன்சா. தேவாலயத்துக்குப் பெஞ்சு செய்யும் தச்சர், இவரைவிடப் பத்து வயது இளையவர், அதே நோய், அதே மாத்திரை. குமாசி வண்டியில் இருவரும் ஒரே இருக்கை. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சேர்ந்தே புதருக்குப் போய்ச் சேர்ந்தே திரும்பியதில் வளர்ந்த சிநேகம்.

பேராசிரியர் ஓஹெனே-அடு தன்னை அரச குடும்பத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வார். அங்கே அரசர், சபையில் யாரிடமும் நேராகப் பேசமாட்டார். பக்கத்தில் தடியோடு நிற்கும் வாய்மொழியாளர், அரசர் சொல்வதை வாங்கி மெருகேற்றி மக்களுக்குச் சொல்வார். மக்கள் சொல்வதை வாங்கி மெருகேற்றி அரசருக்குச் சொல்வார். பேராசிரியர் இந்த வழக்கத்தை அப்படியே நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மக்கள்தொடர்பு அதிகாரி டொம்ஃபே கையில் தங்கவர்ணம் பூசிய தடி. அரண்மனைத் தடியின் உச்சியில் சேவல் இருக்கும், சிங்கம் இருக்கும். இதன் உச்சியில் எடைபார்க்கும் தராசு.

வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதான் மரியாதை. நிலையம் மரியாதையில் குறை வைக்கவில்லை, பெரிய குவளை. குமாசி டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார். கொடுத்த தண்ணீரை மறுத்தால் சண்டைக்கு வந்தவன் என்று அர்த்தம். அட்டாக்கொரா முன்னோர்களுக்கென்று இரண்டு சொட்டைத் தரையில் விட்டுவிட்டு மிச்சத்தைக் குடித்தார்.

"பெரியவர் கேக்கறாரு, ஒடம்பு எப்படின்னு," என்றார் டொம்ஃபே. பெரியவர் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

"மூச்சு வாங்குதுங்க. படுக்க முடியல. ராத்திரியெல்லாம் நாற்காலியிலதான் ஒக்காந்திருக்கேன்."

டொம்ஃபே பேராசிரியர் பக்கம் திரும்பினார். "உங்களைப் பாக்கப்போற சந்தோஷத்துல ராத்திரி பூரா ஒக்காந்தே விடிய வெச்சாராம்."

பேராசிரியர் கண்ணை மூடித் திறந்து அதை ஏற்றுக்கொண்டார்.

பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கால்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். வரிசையில் நின்ற பாதி ஊருக்கும் முன்னால் அரை டவுசரோடு நின்றார். ஓர் உதவியாளன் இடுக்கியால் வயிற்றுத் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தான். காலுறையைக் கழற்றியபோது அதன் விளிம்பு கணுக்காலுக்கு மேல் வாய்க்கால் வெட்டியது போலப் பதிந்திருந்தது. ஒரு காலால் மறு காலை மறைக்கப் பார்த்தார். ஒரு காலம் இந்த ஊருக்கே வழி சொன்ன மனிதர்.

அதற்கடுத்த மூன்று மாதமும் வண்டி குமாசிக்குப் போகவில்லை. இயந்திரத்துக்குப் பழுது பார்க்கிறவரை அக்ராவிலிருந்து கூட்டிவரவும் கொண்டுவிடவுமே அதற்கு நேரம் சரியாக இருந்தது. அட்டாக்கொராவின் மாத்திரை தீர்ந்தது. நீர் கணுக்காலில் இருந்து முழங்காலுக்கு ஏறியது, முழங்காலில் இருந்து தொடைக்கு. அடுத்த அளவையின்போது காகிதத்தைப் பார்த்த உதவியாளன் எழுந்து நின்றுவிட்டான். ஒன்பது கிலோ தசை கூடியிருந்தது. கொழுப்பு இம்மியும் ஏறவில்லை.

நர்ஸ் செராஃபினா மட்டும் குனிந்து அவர் கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்ததும் அங்கே ஒரு குழி. வெகுநேரம் அப்படியே இருந்தது.

"தசையில குழி விழுமா, ஐயா?" என்று பேராசிரியரைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் டொம்ஃபே வழியாகக் கேட்காததால் கேள்வி பேராசிரியரை எட்டவில்லை. டொம்ஃபேதான் தன் சொந்தப் பொறுப்பில் பதில் சொன்னார்: "தண்ணிக் கட்டத்த இன்னும் வாங்கலம்மா. வாங்காததப் பத்திப் பேசினா தணிக்கையில மாட்டிக்குவோம்."

செராஃபினா பக்கத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்து அட்டாக்கொராவுக்கும் அம்போன்சாவுக்கும் ஆறு மாதத்துக்கான வெள்ளை மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அன்றே விழுங்கத் தொடங்க வேண்டும் என்று சொன்னாள். சொல்லும்போதே பின்னால் கைதட்டல் கேட்டது. அட்டாக்கொராவைக் காலாண்டின் சிறந்த தசைக்காரராக அறிவித்திருந்தார்கள்.

நீலத் துணியில் மஞ்சள் எழுத்துப் பட்டையைத் தோளில் போட்டார்கள். பேராசிரியர் டொம்ஃபேயின் காதில் நெடுநேரம் பேசினார். டொம்ஃபே தடியைத் தரையில் தட்டினார்.

"பெரியவர் சொல்றாரு: வைத்தியர்கள் ஒருத்தனைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிடறாங்க. அதோட அவனைப் பத்தின தகவல் நின்னுபோகுது. எவ்வளவு பெரிய நஷ்டம். நாம அப்படிக் கைவிடமாட்டோம். ஆள் இருக்கற வரைக்கும் அளப்போம். ஆள் போன பிறகும் அவரோட எண்கள் நம்மகிட்ட நல்ல ஆரோக்கியத்தோட இருக்கும்."

எல்லாரும் தட்டினார்கள். அட்டாக்கொராவும் தட்டினார்.

லாரி நிலையத்தில் அவர் படத்தை டிக்கெட் கொட்டகையில் ஒட்டினார்கள். உடம்பு போட்டவனைப் பார்த்தால் மனம் குளிர்ந்துபோகும் ஊர் அது. மெலிந்தவனைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவன் வீட்டு நிலவரம் விசாரிப்பார்கள். ஓட்டுநர்கள் அவர் தோளைத் தட்டிப் பார்த்தார்கள். "சீக்காளின்னு சொல்லி எங்களையெல்லாம் ஏமாத்திட்டு வீட்ல ஒக்காந்து ஃபுஃபு களியா அடிச்சித் தள்ளுறியா?" என்றான் ஒருவன். சனிக்கிழமைச் சாவு வீட்டில் சம்பந்தி வீட்டார், இறந்தவரை மறந்துவிட்டு இவரைச் சுற்றி நின்றார்கள். தேவாலயத்தில் பெண்கள் அவர் மனைவி அஃப்ராக்கோமாவிடம் என்ன சமைத்துப் போடுகிறாய் என்று கேட்டார்கள். வேர்க்கடலைக் குழம்பு என்றாள் அவள். தெரு முழுக்க வேர்க்கடலை வாசனை வந்தது.

இரண்டு வருஷமாக ஒரு மனிதரும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. மாத்திரையைக் கையில் எடுத்தார், யோசித்தார். விழுங்கினால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் எண் போய்விடும். எண் போனால் கொட்டகையில் இருந்து படத்தைக் கிழித்துவிட்டு வேறு யார் படத்தையாவது ஒட்டுவார்கள். நாளைக்கு விழுங்கிக்கொள்ளலாம் என்று தன் பழைய சப்பாத்துக்குள் போட்டுவைத்தார். அந்தச் சப்பாத்து அவர் காலில் நுழைந்து ஒரு வருஷமாகிறது, யாரும் தொடமாட்டார்கள்.

"மாத்திரை போட்டீங்களா?" என்பாள் அஃப்ராக்கோமா.

"போட்டாச்சு, போட்டாச்சு."

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். சப்பாத்து நிறைந்துகொண்டே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடும்போது அவருக்கு நோயைவிட வெட்கம்தான் நெஞ்சை அடைத்தது. கைதட்டலுக்காகச் செத்துக்கொண்டிருக்கிற கிழவன் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வார். விடிந்ததும் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லாரி நிலையத்துக்குப் போவார்.

அம்போன்சா யோக்கியமாக மாத்திரையை விழுங்கினார். நீரெல்லாம் வடிந்தது. மறுபடி கூரை மேல் ஏறி ஓடு மாற்றினார், தெருமுனையில் நின்று மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு நடந்தே வந்தார். இயந்திரத்தில் ஏற்றினார்கள். எட்டு கிலோ தசை நஷ்டம்.

டொம்ஃபே தடியைத் தட்டினார். "எட்டு கிலோ. நாட்டோட சொத்து எட்டு கிலோவ இந்த மனுஷன் கழிப்பறையில விட்டுட்டு வந்திருக்காரு."

"மூச்சு நல்லா வருதுங்களே," என்றார் அம்போன்சா. "மரம் தூக்கறேன். பாருங்க, ஒரே மூச்சுல இங்க வந்தேன்."

"ஒப்புக்கறாரு," என்றார் டொம்ஃபே பேராசிரியரிடம். "கடுமையான உழைப்பால வீணாக்கிட்டாராம்."

அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். முன்னேற்றம் காட்டாதவருக்கு வண்டியில் இடம் கிடையாது. பிறகு, சிறந்த தசைக்காரர் தன் சகோதரருக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும் என்று பெரியவர் விரும்புகிறார் என்றார் டொம்ஃபே.

அம்போன்சா அட்டாக்கொராவைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் லேசான சிரிப்பு. அந்த வெள்ளை மாத்திரை என்ன செய்யும் என்று அந்தக் கூடத்தில் உடம்பால் அறிந்தவர்கள் இரண்டே பேர்தான். அண்ணன் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவார், அட்டை திரும்பி வந்துவிடும் என்று அவர் காத்திருந்தார்.

அட்டாக்கொரா எழுந்தார். எதிரில் நூறு முகம். பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மனசு வைக்கணும் தம்பி," என்றார். "நானும் ஒன்ன மாதிரி தொய்ஞ்சு கெடந்தவன்தான். எல்லாத்துக்கும் மாத்திரை, மாத்திரைன்னு அதையே நம்பிக்கிட்டு இருந்தா ஆவாது."

கைதட்டல் வந்தது, அட்டாக்கொரா உட்கார்ந்தார். அம்போன்சாவின் சிரிப்பு மெல்லப் போய், அந்த இடத்தில் யோசனை வந்து உட்கார்ந்தது. அட்டாக்கொரா அதைப் பார்த்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்திருக்கவே மூச்சு இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அந்த அளவு மூச்சு இருக்கத்தான் செய்தது.

இயந்திரத்தைக் கொடுத்த வெளிநாட்டார் பார்வையிட வரும் நாள் வந்தது. மேளம், குடை, பெரிய துணி போர்த்திய பிரமுகர்கள் என்று அரசர் சபை மாதிரியே ஏற்பாடு. அட்டாக்கொராவுக்கு நிலைய வாசலின் நான்கு படியை ஏற முடியவில்லை. அதை நிலையம் கௌரவமாக மாற்றிவிட்டது: அரசரைத் தூக்கும் பல்லக்கு போல ஒன்றைப் பலகையில் அடித்து, குடை பிடித்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கினவர்கள் தசையின் பாரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். வீட்டில் கிளம்பும்போது விழாவுக்குச் சப்பாத்து போட்டுப் பார்க்கலாம் என்று எடுத்த அஃப்ராக்கோமா, அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு இடுப்புத் துணியின் நுனியில் எதையோ முடிந்துகொண்டாள். பிறகு செருப்பைத்தான் கொடுத்தாள். இப்போது கூட்டத்தோடு ஓரமாக நின்றாள்.

மேடையில் ஏற்றி, பட்டையைச் சரிசெய்து, வேட்டித் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினார்கள். தோல் கண்ணாடி போல மினுங்கியது. ஓரிரு இடத்தில் வெடித்து நீர் கசிந்தது. "வியர்வை," என்றார் டொம்ஃபே விருந்தாளிகளிடம். இயந்திரம் இதுவரை அச்சடிக்காத எண்ணை அச்சடித்தது. லாரி நிலையத்தில் கூவின அதே குரலில் அந்த எண்ணை அவரே கூவ வேண்டும் என்று பெரியவரின் ஆசை.

அட்டாக்கொரா வாயைத் திறந்தார். காற்று வரவில்லை. அப்போதுதான் கீழே, முதல் வரிசைக்குப் பக்கத்தில், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தார். முகம் உப்பியிருந்ததால் யார் என்று முதலில் தெரியவில்லை.

"அண்ணே," என்றார் அம்போன்சா. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றார். "நிறுத்திட்டேன். நீங்க சொன்னப்பறம் ஒண்ணுகூட முழுங்கல. பாருங்க." துணியைத் தூக்கிக் காலைக் காட்டினார், தான் செய்த பெஞ்சைக் காட்டுகிறவர் மாதிரி. "எனக்கும் வந்திருச்சு. இன்னிக்கு அட்டைய திருப்பிக் குடுத்துருவாங்கள்ல?"

அட்டாக்கொராவுக்கு அந்த மேடை அப்படியே பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. விழுங்கவில்லை, நல்ல மரத்தில் செய்த மேடை. கைப்பிடியை விட்டுவிட்டுத் தட்டில் இருந்து இறங்கினார். வாய்மொழியாளரைத் தாண்டி, பேராசிரியருக்கு நேராகப் போய் நின்றார். கூட்டத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"இது தசையில்லீங்க," என்றார். "தண்ணி. நெஞ்சு வரைக்கும் தண்ணி. அமுக்கிப் பாருங்க." குனிந்து தன் காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழியைக் காட்டினார். "எனக்கு மொதல்லேந்தே தெரியும். தெரிஞ்சேதான் பட்டைய மாட்டிக்கிட்டேன். தெரிஞ்சேதான் அவனுக்குப் புத்தி சொன்னேன். அவனக் காப்பாத்துங்க."

பேராசிரியர் இரண்டு முழத் தூரத்தில் இருந்தார், இருவருக்கும் ஒரே மொழி. ஆனாலும் டொம்ஃபே வழியாக வராத சொல் சொல்லப்படாத சொல். அவர் காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். டொம்ஃபே ஒரு கணம் அந்தக் குழியைப் பார்த்தார். பிறகு தடியைத் தட்டினார்.

"சொல்றாரு: இந்தச் சதையில தன்னோடதுன்னு எதுவும் இல்லையாம். எல்லாம் பெரியவரோட கருணை பெருகிவந்து தேங்கினதாம். தன் சகோதரனையும் இதே மாதிரி ஆக்கணும்னு கண்ணீரோட கேக்கறாரு."

மேளம் அதிர்ந்தது. விருந்தாளிகள் எழுந்து நின்று தட்டினார்கள். பேராசிரியர் கருணையோடு தலையசைத்து, அம்போன்சாவுக்கு வளரும் தசைக்காரர் என்று ஒரு சிறிய பட்டை கொண்டுவரச் சொன்னார்.

செராஃபினா பின்வாசல் வழியாக இருவரையும் வெளியே கொண்டுவந்தாள். குமாசிக்கு இன்றைக்கே போக வேண்டும் என்றாள். நிலைய வண்டிக்குப் பலூன் கட்டியிருந்தார்கள், அது விருந்தாளிகளுக்கு. லாரி நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினாள். கழிப்பறைக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அஃப்ராக்கோமா வந்து, இடுப்புத் துணியின் நுனி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சப்பாத்தில் இருந்த வெள்ளை மாத்திரைகள்.

"சர்ச்சுல கேட்டப்ப நானும் கொழம்புன்னுதான் சொன்னேன்," என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. செராஃபினா சொன்ன கணக்கில் இருவர் கையிலும் மாத்திரையை வைத்தாள்.

உள்ளே அடுத்த கைதட்டல் தொடங்கியது. அம்போன்சா தோளில் கிடந்த சிறிய பட்டையைத் தடவிப் பார்த்தார். மூச்சு விசில் போலக் கேட்டது.

"மன்னிச்சிரு தம்பி," என்றார் அட்டாக்கொரா.

"எதுக்குண்ணே?"

அம்போன்சாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார் என்று நம்புகிற முகம் அது. அண்ணன் மேடையில் சொன்னதைக்கூட அவர் டொம்ஃபே சொன்னபடிதான் கேட்டிருந்தார். அட்டாக்கொரா குனிந்து அம்போன்சாவின் காலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

எடுத்தபோது அங்கே தன் விரலின் அளவுக்கே ஒரு குழி இருந்தது. அது நிரம்பட்டும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். லாரி வந்து நின்று, ஏறச் சொல்லிக் கூப்பிட்டபோதும் அது நிரம்பியிருக்கவில்லை.